மூத்தவளின் சத்தம்

"வைப்பரைத் தூக்கி விட்டியா?"

"விட்டாச்சு."

"ரெண்டையுமா?"

"ஒண்ணைத் தூக்கிவிட்டு இன்னொண்ணைக் கோவிச்சுக்க வெப்பாங்களா? ரெண்டையும்தான்."

"சக்கரத்துக்குச் செங்கல்லு?"

"வெச்சாச்சு."

"ஹேண்ட் பிரேக்கு இறக்கித்தானே இருக்கு? ஏத்தி வெச்சுடாதே. ஈரத்துல துருப்பிடிச்சுக் கவ்விக்கும். அப்புறம் யானையைக் கட்டி இழுத்தாலும் நகராது."

"இறக்கித்தான் இருக்கு. கஞ்சி ஆறுது, குடிங்க."

மழைக்காலம் பிறந்துவிட்டால் அந்த மாடி அறையில் பொழுது இப்படித்தான் விடியும். டாக்ஸிக்காரர் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோய், படுத்த படுக்கையாகக் கிடந்தார். விழுந்தது கையும் காலும்தான். வாய் கொஞ்ச நாள் குழறிவிட்டு, பிறகு தேறி, முன்பைவிடத் தெளிவாகவே ஓடியது. ஆனால் ஒரே தடத்தில்தான் ஓடும். மாடிப்படி இறங்கி, வாசலைத் தாண்டி, சந்தின் ஓரத்தில் நிற்கிற பழைய டீசல் காரில் போய்த்தான் அந்தத் தடம் முடியும்.

அந்தக் காரை அவரால் பார்க்க முடியாது. அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல். அது பக்கத்துக் கட்டடத்தின் சுவரையும், சுவரில் இறங்கும் மழைநீர்க் குழாயையும் பார்த்துக்கொண்டிருந்தது. குழாயின் மூட்டில் ஒரு கசிவு. அதைச் சுற்றிப் பாசி படர்ந்து, சுவர் நாளுக்கு நாள் பச்சையாகிக்கொண்டு வந்தது. அவருக்கு வெளியுலகம் என்றால் அந்தப் பாசிதான். மற்றதெல்லாம் காது வழியாக வரவேண்டும். சந்தில் யார் செருப்பு அறுந்து நடக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

வண்டிக்கு 'மூத்தவ' என்று பெயர். வைத்தவள் அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய வண்டி அது. வந்த புதிதில், அவர் அதைத் துடைப்பதையும் தடவுவதையும், சாப்பிடும்போது எட்டி எட்டிப் பார்ப்பதையும் கவனித்துவிட்டு, "எனக்கு முன்னாடியே ஒருத்தி வந்து உக்காந்திருக்கா. அவதான் மூத்தவ, நான் இளையவ. எனக்கெதுக்கு வம்பு" என்று சொல்லிவைத்தாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் வருடங்கள் போகப் போக அதில் விளையாட்டு குறைந்துகொண்டே வந்தது. பிள்ளை பிறக்கவில்லை. அவர் சவாரி சவாரி என்று ஊர் ஊராகப் போனார். வீட்டில் இருந்த நாட்களைவிட மூத்தவளோடு இருந்த நாட்கள்தான் அதிகம். இவள் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் கதவைத் தாழிட்டுப் பழகிவிட்டாள். அவருக்கு உடம்பு விழுந்து வீட்டோடு வந்து சேர்ந்தபோது, ஒரே அறையில் ஒரு அந்நியரோடு எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. இத்தனை வருடம் பயணிகளிடம் பேசிய மனிதர் அவர். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசத்தான் அவருக்கு வரும். எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் வராது.

ஆகவே இருவரும் வண்டியைப் பற்றிப் பேசினார்கள்.

அவளுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. காலையில் அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த அவசரத்துக்கு நடுவில்தான் அவருடைய கட்டளைகள் வரும். மழைக்காலத்தில் ஒரு வண்டிக்கு இவ்வளவு பணிவிடை உண்டா என்று கேட்கிறவர்களுக்கு மலைப்பாக இருக்கும்.

"கண்ணாடிக்குக் கீழ ஒரு இடுக்கு இருக்கும் பாரு, அதுல இலை அடைச்சிருக்கும். அதை வாரிப் போடு. இல்லன்னா தண்ணி வழியத் தெரியாம உள்ள இறங்கிடும்."

"வாரிட்டேன்."

"மிதியடிக்குக் கீழ பேப்பர் மாத்தினியா?"

"மாத்தினேன்."

"கவர் போட்டுடாதே. எல்லாரும் கவர் போடுறாங்கன்னு நீயும் போடாதே. நனைஞ்ச கவரு பெயிண்ட்டைத் தின்னுடும். நனையட்டும், காத்து படட்டும். அதான் அதுக்கு நல்லது."

"உங்களையும் அப்படித்தான் வெளிய நிறுத்தி வெச்சிருக்கணும்."

"என்னைச் சொல்லு. அதைச் சொல்லாதே."

இதற்கு அவர் சிரிப்பார். வாயின் வலது பக்கம் மட்டும் சிரிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பாள்.

பிறகு கடைசிக் கட்டளை வரும். "போய் ஸ்டார்ட் பண்ணிட்டு வா. கொஞ்ச நேரம் ஓடட்டும். மழைக்காலத்துல சும்மா நிக்கவிட்டா பேட்டரி படுத்துடும்."

அவள் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு, குடையோடு இறங்குவாள். கொஞ்ச நேரத்தில் சந்தில் ஓர் இன்ஜின் உயிர் பெறும். உறுமி, அடங்கி, சீராக ஓடி, பிறகு மெல்லத் தொலைவில் போய்த் தேய்ந்துவிடும். அவள் மாடியேறி வருவாள்.

"கேட்டுச்சா?"

"ம். கேட்டுச்சு."

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. மூத்தவள் செத்து ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. வைப்பரை யாரும் தூக்கிவிடவில்லை. இலையை யாரும் வாரவில்லை. அவள் கீழே போய் எதிர்வீட்டு வாசலின் தகரத்துக்கு அடியில் ஒதுங்கி, அந்த வேலைகளையெல்லாம் செய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா நின்றுவிட்டு வருவாள். கேட்கிற இன்ஜின் சத்தம் கீழ்வீட்டு ரெப்புடையது. மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, தனியாள். காலையில் தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு டாக்டர்களைப் பார்க்கக் கிளம்புவான். அவன் கிளம்பும் நேரத்துக்கு அவள் இறங்குவாள். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு நாளும் பிசகியதில்லை.

எப்படிச் செத்தது என்பதையும் சொல்லிவிடலாம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் பிற்பகலில் வானம் பொத்துக்கொண்டது. அந்தச் சந்து பள்ளம். தண்ணீர் வரும் என்றால் கார் வைத்திருப்பவர்களெல்லாம் பெரிய சாலைப் பாலத்தின் மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டு வருவார்கள். டாக்ஸிக்காரர் காலும் கையுமாக இருந்த நாளில் பாலத்து உச்சியில் முதல் வண்டி மூத்தவளாகத்தான் இருக்கும். அன்று அவர் படுத்துக் கிடந்தார். ரெப்பு வெளியூர் போயிருந்தான். அவள் லாண்டரியில் இருந்தாள். அங்கே பாய்லர் அறைக்குள் தண்ணீர் புகுந்து, நனைந்த போர்வை மூட்டைகளை மேசைமேல் தூக்கிப் போடும் வேலை. அதை முடித்துக்கொண்டு அவள் வீடு வந்து சேர்வதற்குள் சந்து ஆறாகியிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தவள், மூத்தவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னல் கண்ணாடிக்குக் கீழ்வரை முங்கியிருந்தது. உள்ளே ஸ்டீயரிங்கைச் சுற்றித் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது.

அவள் மாடிப்படியில் நின்று புடவையைப் பிழிந்தாள். அவர் இனி தேறினால் தேறலாம், இல்லாவிட்டால் இல்லை, அதிர்ச்சி மட்டும் கூடாது என்று டாக்டர் அப்போதுதான் சொல்லியிருந்தார். மேலே ஏறி வந்தவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எது வரைக்கும்?"

"டயருக்குப் பாதி."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. அவர் சொன்னார்: "சாவியை எடுத்துட்டுப் போ. டயருக்குப் பாதிதானே? இன்ஜினுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ஸ்டார்ட் பண்ணு, நான் கேக்கணும்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவள் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவைத் திறந்ததும் கொட்டிய தண்ணீர் அவள் காலை நனைத்தது. நனைந்து ஊறிய சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டார்ட் பண்ண மட்டும் அவர் என்றோ சொல்லிக்கொடுத்திருந்தார். சாவியைத் திருப்பினாள். உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். எலும்பு முறிகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு முறை திருப்பியதற்கு அந்த டக்கும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வெளியூரிலிருந்து ரெப்பு வந்து சேர்ந்தான். சேறும் குப்பையுமாகக் கிடந்த சந்தைப் பார்த்துத் திகைத்து, வண்டியை ஓடவிட்டபடியே வாசலில் நின்றான். அவள் மேலே ஓடினாள். மூச்சிரைக்க, "கேட்டுச்சா?" என்றாள். ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

அவர் சுவர்ப் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ம். கேட்டுச்சு" என்றார்.

ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, அவர் அசந்த நேரத்தில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினாள். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் தலையில் அடித்துக்கொண்டான். "உள்ள தண்ணி இருக்கும்போது யாராவது சாவியைத் திருப்புவாங்களா? கட்டி இழுத்துட்டு வந்து, கழட்டிக் காய வெச்சிருந்தா பிழைச்சிருக்கும். தண்ணியில சாகலம்மா இது. சாவியில செத்துச்சு."

அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. துணி மடிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, அவரைத் திருப்பிப் போடும்போது, அந்த டக் மட்டும் அவள் கைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வருடம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற மழை இல்லை. அழுது அழுது ஓயாத குழந்தை மாதிரி நசநசவென்று பெய்துகொண்டே இருந்தது. அறையில் தலையணை ஈரம், தீப்பெட்டி ஈரம், உப்பு ஜாடிக்குள் ஈரம். அப்படி ஒரு மாலையில் வேலை முடிந்து வந்தவள், கீழ்வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தாள். ரெப்பு கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, கடை போடப் போறியா?"

"மாத்தல் வந்துடுச்சுக்கா. இப்பவே கிளம்பறேன்."

"இப்பவேவா?" அவள் வாசலில் நின்ற அவன் காரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப வண்டி?"

"என்னைக் கேக்காம வண்டியைக் கேக்கறீங்க பாத்தீங்களா! வண்டியையும்தான் கூட்டிட்டுப் போறேன், அதையென்ன உங்களுக்குத் தத்துக் குடுத்துட்டா போக முடியும்?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "என்னக்கா?"

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். குடையை மடக்காமல் பக்கத்தில் வைத்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தினமும் கிளம்பும்போது தான் ஏன் அங்கே வந்து நிற்கிறோம் என்பதை மட்டும் கடைசியில் சொன்னாள்.

"அட! நான்கூட, இந்த அக்கா என்ன தினம் நான் கிளம்பறப்ப சல்யூட் அடிக்க வந்து நிக்கறாங்கன்னு நினைச்சேன். சகுனம் பாக்கறீங்களோன்னு ஒரு நாள் சந்தேகம்கூட வந்துச்சு." அவன் கயிற்றைக் கீழே போட்டான். "அக்கா, ஆனா அவர் வண்டி..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் என்ன தெரிந்ததோ, விழுங்கிவிட்டான். "ஒண்ணு பண்ணலாம்கா. போன்ல என் வண்டி சத்தத்தை ரெக்கார்டு பண்ணித் தரேன். கீழ வந்து ஸ்பீக்கர்ல போட்டுவிடுங்க."

"நல்லா இருக்கு கதை. போன் சத்தத்துக்கும் இன்ஜின் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவரு? காதை வெச்சே உலகத்தை நடத்துற மனுஷன்."

ரெப்பு அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அதுவும் சரிதான்கா" என்று மட்டும் சொன்னான். போகும்போது மாடிக்கு வந்து டாக்ஸிக்காரரின் வலது கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு போனான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. ஆனால் லாண்டரியில் ஆள் பற்றவில்லை என்று காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். கட்டளை கேட்க நேரமில்லாமல் ஓடினாள். ஒரு நாள் தப்பித்தாயிற்று.

மழைக்காலத்தில் லாண்டரி ஒரு தனி நரகம். மொட்டைமாடிக் கொடிகளெல்லாம் சும்மா தொங்கும். உலர்த்துகிற இயந்திரங்கள் இரண்டே இரண்டு, எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். ஈரப் போர்வையின் கனம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆளையே தூக்குவது போலிருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, மடித்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவளுக்கு ஜோடி இஸ்திரி அக்கா. வாய் ஓயாது, கையும் ஓயாது. மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? வீட்ல எதாவதா?"

அவள் சொன்னாள். வெகு நாளாக அடைத்து வைத்திருந்தது ஒரு முறை உடைந்துவிட்டால் இரண்டாவது முறை எளிதாக வந்துவிடுகிறது.

"அட இவளே! வண்டிதானே செத்துச்சு? சொல்லித் தொலைய வேண்டியதுதானே. கத்துவாரு, ரெண்டு நாள் கஞ்சி குடிக்க மாட்டாரு, மூணாவது நாள் பசிக்கும்."

"செத்ததைச் சொல்லிடலாம்கா." அவள் போர்வை முனையைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தாள். "அதுக்கப்புறம் என்ன பேசறது?"

"என்னடி பேச்சு இது?"

"நிஜமாத்தான்கா. அந்த வண்டி இல்லன்னா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. கஞ்சி, மாத்திரை, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு. அவ்வளவுதான் பேச்சு. காலைல அந்தக் கொஞ்ச நேரம்தான் அவரு என் மூஞ்சியைப் பாத்துப் பேசறாரு. அதையும் நானே போய் முடிச்சுட்டு வரணுமா?"

இஸ்திரி அக்கா அடுத்த போர்வையை எடுத்து முனையை நீட்டினாள். இருவரும் உதறினார்கள்.

அன்று மாலை அவள் ஒரு முட்டையை அவித்து அவருக்கு ஊட்டினாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "குழாய்ல கசிவு ஜாஸ்தியாயிடுச்சு, பாத்தியா" என்றார். அவள் பார்த்தாள். ஆமாம், ஜாஸ்தியாகத்தான் இருந்தது. இருவரும் அந்தக் கசிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விளக்கை அணைத்த பிறகும் அது சொட்டுவது கேட்டது.

விடிந்ததும் கட்டளைகள் தொடங்கிவிட்டன. வைப்பர், செங்கல், இலை, பேப்பர். அவள் எல்லாவற்றுக்கும் ஆயிற்று ஆயிற்று என்றாள். அவர் சட்டைப் பொத்தானை மட்டும் ஒரு துளை மாற்றிப் போட்டுவிட்டு, மறுபடி கழற்றினாள்.

"சரி, போய் ஸ்டார்ட் பண்ணிட்டு வா."

"மழை கொட்டுதுங்க. நாளைக்குப் பாத்துக்கலாமே."

"மழைன்னாதான் பண்ணணும். போ."

அவள் சாவியை எடுத்தாள்.  பொய் சொல்லித் திரிந்த காலமெல்லாம் விறுவிறுவென்று படியிறங்கிய கால், பொய் சொல்ல வழியில்லாமல் போனதும் படிக்குப் படி நின்றது. கீழ்வீட்டுக் கதவில் பூட்டு. ரெப்பின் கார் நின்றிருந்த இடத்தில் குட்டை தேங்கி, அதில் மழைத்துளிகள் குதித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் மூத்தவள். ஒரு டயர் காற்றிறங்கிச் சாய்ந்திருந்தாள். கண்ணாடிக்குக் கீழே இலை மக்கி, அதில் ஏதோ ஒரு புல்கூட முளைத்திருந்தது.

அவள் தகரத்துக்கு அடியில் நின்றாள். யாராவது ஒருத்தர், எந்த வண்டியாவது, இந்தச் சந்து வழியாகப் போகக்கூடாதா என்று வேண்டிக்கொண்டாள். ஒரு சைக்கிள்கூட வரவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. இனி சொல்லிவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை என்று மேலே ஏறினாள்.

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"பரவாயில்லையே! இந்த மழையிலயும் ஒரே செல்ஃப்ல எடுத்துடுச்சு."

அவள் கையிலிருந்த குடை வாசற்படியில் சாய்ந்தது.

"என்ன எடுத்துடுச்சு?"

"மூத்தவதான். நல்லா ஓடுச்சு. கொஞ்ச நேரம் கூடவே ஓடவிட்டே போலிருக்கு."

"கீழ எந்த வண்டியும் ஓடலீங்க." அவள் கையிலிருந்த சாவியை நீட்டினாள். "ரெப்பு போயாச்சு. எதுவுமே ஓடல."

டாக்ஸிக்காரர் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். வலது கை போர்வையின் ஓரத்தைச் சுருட்டியது, பிரித்தது.

"எப்பலேருந்து தெரியும்?" என்றாள்.

"அவன் வண்டி பெட்ரோலு. என்னுது டீசலு." மெதுவாகத்தான் சொன்னார். "பூனை கத்தறதுக்கும் எருமை கத்தறதுக்கும் உள்ள வித்தியாசம். செவிடனுக்குக்கூடத் தெரியும். உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியல."

அவளுக்கு எப்படித் தெரியும்? அவளைப் பொறுத்தவரை இன்ஜின் சத்தம் என்றால் அவர் கிளம்பிப் போகிற சத்தம். அதை அவள் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள்.

"அப்ப முதல் நாளே தெரியுமா?"

"அதுக்கு முந்தின நாளே தெரியும். நீ இடுப்பு வரைக்கும் நனைஞ்சு வந்து நின்னே. டயருக்குப் பாதித் தண்ணில யாரு இடுப்பு வரைக்கும் நனைவா?"

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்துத்தான் அவளுக்கு அது உறைத்தது. உறைத்ததும் தலையைத் தூக்கினாள்.

"தெரிஞ்சுமா ஸ்டார்ட் பண்ணச் சொன்னீங்க? உள்ள தண்ணி இருக்குன்னு தெரிஞ்சுமா?"

 உதட்டின் வலது ஓரம் துடித்தது. அவர் அழுது அவள் பார்த்ததேயில்லை. இப்போதும் ஒரு கண்ணில்தான் நீர் இறங்கியது.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். "சாவியை எடுக்கச் சொன்னா பயந்துபோய் 'வேணாங்க, வண்டி முங்கிடுச்சு'ன்னு சொல்லிடுவேன்னு பாத்தேன். நீ எடுத்துட்டுப் போயிட்டே. கூப்பிடலாம்னு நினைக்கறதுக்குள்ள டக்குன்னு சத்தம் வந்துடுச்சு. அந்த டக்கு இன்னும் காதுல இருக்கு."

"எனக்குக் கையில இருக்கு" என்றாள் அவள்.

ஒரு வருடமாக ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சுமந்தது ஒரே மூட்டைதான். குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. கஞ்சி ஏடு கட்டிப் போயிருந்தது.

"தெரிஞ்சவரு எதுக்கு என்னைத் தினம் இந்த மழையில கீழ அனுப்புனீங்க? வைப்பரு, செங்கல்லு, இலை..."

"நீ ஒண்ணும் செய்யலன்னு தெரியும். அடி வெச்சு நடந்தா கேக்காதா எனக்கு? எதிர் வாசல்லயே நிப்பே."

"பின்ன எதுக்கு?"

அவர் போர்வை ஓரத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். 

"மேல வந்து சொல்லுவியே, அதுக்குத்தான். இலையை வாரினேன், எதிர்வீட்டு நாய் நனைஞ்சுட்டு நிக்குது, தெருமுனைல தண்ணி தேங்கிடுச்சுன்னு எதாவது சொல்லுவே. அது இல்லன்னா கஞ்சியை வெச்சுட்டு நீ பாட்டுக்குப் போயிடுவே. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நானும் அந்தப் பாசியும்தான்."

அவள் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கையைத் துடைத்திருக்கிறாள், நகம் வெட்டியிருக்கிறாள், வெறுமனே பிடித்ததில்லை. அவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. லாண்டரியில் ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் இஸ்திரி அக்கா திட்டிக்கொண்டிருப்பாள். அவள் கஞ்சியைச் சுடவைத்துக் கொடுத்தாள், வாயைத் துடைத்துவிட்டாள், தண்ணீர்ப் பாட்டிலைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள்.

"இந்தா" என்றார் அவர்.

திரும்பினாள்.

"வைப்பரைத் தூக்கி விட்டியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

"இல்லீங்க" என்றாள். "தூக்கி விடல."

"ரப்பர் கண்ணாடியோட ஒட்டிக்கும்."

"தூக்கி விடறேன். சாயங்காலம் வந்து சொல்றேன்."

சந்தில் மழை கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் தகரத்துக்கு அடியில் ஒதுங்கவில்லை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மூத்தவளின் முன்னால் போய் நின்று, வைப்பரைப் பிடித்து இழுத்தாள். அவர் சொன்னபடியே ரப்பர் ஒட்டிப்போயிருந்தது. வலித்து இழுத்ததும் பிய்ந்துகொண்டு வந்தது. கண்ணாடியில் ஒரு கறுப்புக் கோடு தங்கியது. அடுத்ததையும் தூக்கி நிறுத்தினாள். பிறகு இடுக்கில் கிடந்த மக்கிய இலையை ஒரு கை அள்ளி எறிந்துவிட்டு, அந்தப் புல்லை மட்டும் விட்டுவைத்தாள். சாயங்காலம் அவரிடம் சொல்ல ஒரு விஷயம் வேண்டும்.